தலைப்பிரசவம் எங்கே?

போன வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து, ஸ்டெல்லா அமீரகத்தில் எங்கள் அஜ்மான் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். என் மனைவியின் தோழி. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். ராஸ் அல் கைமாவில் நர்ஸ். எங்கள் வீட்டு மீன் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட மாட்டார். அன்று ஒரு குறையும் சொல்லவில்லை.

வற்புறுத்திக் கேட்ட பிறகு சொன்னார்.

ஜெயிலிலிருந்து கர்ப்பிணிகளை அவர் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு அழைத்து வருவார்களாம். அதில் ஒரு தமிழ்ப்பெண். செல்வி என்று வைத்துக்கொள்வோம். விசா கொடுத்த கபீல் வீட்டு வேலையை விட்டு ஓடிவந்து, இங்கேயே வேலை பார்க்கும் கணவனோடு தங்கியிருந்தவள். விசா இல்லை, பிடிபட்டுவிட்டாள். இப்போது ஏழு மாதம். ஊருக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

"தலைவலி உண்டா பிள்ளே?"

"இல்லக்கா."

"கண்ணு மங்குதா?"

"நல்லாயிருக்கேன்க்கா."

பிரஷர் கொஞ்சம் கூடுதல்தான். பயத்தால் கூடியிருக்கும் என்று, பயணத்துக்குச் சரி என எழுதப் பேனாவை எடுத்துவிட்டார் டாக்டர். அப்போதுதான் ஸ்டெல்லா அவள் காலைப் பார்த்திருக்கிறார். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பள்ளம் போட்டிருந்தது. மறுபடி பிரஷர் பார்த்தால்... டாக்டரே பதறி எழுந்துவிட்டாராம்.

"ஏன் மறைச்ச?"

"சொன்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்கக்கா... தலைப்பிரசவம் அம்மா வீட்லதானே?"

ஊருக்குப் போன் போட்டால் நாமெல்லாம் முதலில் சொல்வதும் அதே 'நல்லாயிருக்கேன்'தானே? அதை அவள் நர்ஸிடமும் சொல்லிவிட்டாள். அப்படியே பிளேனில் ஏறியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும். ஜெயிலில் இருப்பவளுக்கும் மாத்திரை கிடைக்கிறது, ஸ்கேன் கிடைக்கிறது. தாய்வீட்டை எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

அன்றே ஆபரேஷன். பெண் குழந்தை. இன்குபேட்டரில் இருக்கிறது, பிழைத்துவிடும் என்கிறார்கள். செல்வியின் கட்டிலருகே பெண் போலீஸ் காவல்.

"மனசு கேக்கல" என்றார் ஸ்டெல்லா. "என் ரூம்ல பிள்ளை பெத்தவளுக்குன்னு பூண்டுக் குழம்பு வச்சு, உப்பைக் கொறச்சு, சோத்தோட கொண்டு போனேன். வெளிச் சாப்பாடு மாஃபி, கூடாதுன்னு போலீஸ்காரி டப்பாவைப் பிடிச்சிட்டா."

"அப்புறம்?"

"மருந்துன்னேன். மோந்து பாத்தா. என் மூஞ்சியையும் பாத்தா. யல்லா, போன்னு விட்டுட்டா. செல்வி அழுதுக்கிட்டே ஒரு பருக்கை விடாம தின்னுச்சு."

தட்டை ஒதுக்கி வைத்தார்.

"இன்னைக்குப் பூசையில அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன்."

எதற்கு? தாய்வீடு ஒரு டப்பாவில் வந்தால், அது மருந்துதானே!