தெரிந்தவனுக்கு டின், தெரியாதவனுக்குக் கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மலாயாவில், ரெங்கம் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தேன். கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்டவை, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கிய பால் டின்கள். கெட்டிப்பால் தீர்ந்த வெறும் டின்கள். விளிம்பைத் தட்டி மழுக்கி, கம்பியில் காது வைத்திருந்தார்கள். விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ரப்பர் விலை விழுந்ததில் பத்திரிகையும் விழுந்தது. ரெங்கத்தில், நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் ஒருவரின் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை கிடைத்தது. எங்கள் கடைக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் இடையே ஒரு பலகைச் சுவர்தான். அதற்கு அடுத்தது சீனர் ஒருவரின் கோப்பிக் கடை.

இன்று மேடையேறுகிறவர்களெல்லாம், சீனர்கள் வந்து நம் கடைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்று முழங்குகிறார்கள். அவற்றில் ஒரு கடை எப்படிப் போயிற்று என்பதைப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான்.

டின்கள் யாருக்கு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வரும் பால்வெட்டுக்காரர்களில் சில சாதியினருக்கு அந்தக் கடையில் தேநீர் டின்னில்தான். அவர்கள் பின்பக்கம் நின்று குடித்து, தாங்களே கழுவி, தாங்களே ஆணியில் மாட்ட வேண்டும். முன்பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். ரயிலில் வந்து இறங்கும் அந்நியர்களின் சாதியைக் கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் கெடும். ஆகவே, சட்டை போட்ட அந்நியன் எவனுக்கும் கிளாஸ் கிடைத்தது. தினமும் பார்க்கும் முகத்துக்குத்தான் டின். தீட்டு என்பது அறிமுகத்தால் மட்டுமே பரவும் நோய் என்று அந்தக் கடைக்காரர் கண்டுபிடித்திருந்தார்.

ஊர்ச் சீர்திருத்தச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சங்கத்தின் கூட்டங்கள் அந்த முன்பெஞ்சில்தான் நடந்தன. சாதி ஒழிய வேண்டும் என்று தீர்மானம் போட்ட கையோடு வடை சாப்பிட்டார்கள்.

ஒருநாள், பின்பக்கம் நின்று குடிக்கும் பால்வெட்டுக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, மகளின் நிச்சயத்துக்கு ஒரு சேலை எடுத்தார். மாப்பிள்ளைக்குக் குளுவாங்கில் ரயில்வே வேலை. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஞாயிறு வருகிறார்கள். வந்த இடத்தில் மரியாதை குறைந்தால் வெற்றிலை மாற்றாமலே திரும்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். சேலையை மடித்து வாங்கிக்கொண்டு நேரே பக்கத்துக் கடைக்குப் போனார்.

"மொதலாளி, சம்பந்தி வீட்டார் ரயில்ல வர்றாங்க. அன்னிக்கு ஒருவேளை எனக்கும் கிளாஸ்ல குடுத்துடுங்க."

"ஒனக்கா?"

"என்னத் தெரியாத ஆளுன்னு நெனச்சிக்குங்க."

"தெரிஞ்ச ஆள எப்படிய்யா தெரியாதுன்னு நெனைக்கிறது? நாளைக்கு ஒங்க லயமே வந்து தெரியாத ஆளுன்னு நிக்கும்."

"பொண்ணு காரியம், மொதலாளி."

"சரி, வேணும்னா புது டின் ஒண்ணு எடுத்து வைக்கிறேன். யாரு வாயும் படாதது."

பெருந்தன்மையோடுதான் சொன்னார். பலகைக்கு இந்தப் பக்கம் எங்கள் முதலாளி, "மனுசன் தர்மம் பண்றாருப்பா" என்றார்.

ஞாயிறன்று பெண்ணின் தகப்பனார் விருந்தாளிகளை அந்தக் கடைவாசல் ஒதுக்கிக் கூட்டிப்போகத்தான் பார்த்தார். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் கடையின் பெயர்ப்பலகையில் முருகன் படத்தைக் கண்டதும் உள்ளே நுழைந்து முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவியும் மாப்பிள்ளையும். கடைக்காரர் மூவருக்கும் கிளாஸில் ஆற்றி வைத்தார். நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன்.

"ஏன் சம்பந்தி நிக்கிறீங்க? உக்காருங்க."

"நான் இப்பத்தான் குடிச்சேன்."

அத்தோடு முடிந்திருக்கும். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அவருக்குப் பின்பக்கந்தான் வழக்கம்" என்று விளக்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் பின்சுவரைப் பார்த்தார். டின்களைப் பார்த்தார். கிளாஸில் மிச்சமிருந்ததை நிதானமாகக் குடித்து முடித்து, பெஞ்சில் வைத்தார்.

"எங்களுக்கும் பின்பக்கந்தாங்க. நீங்கதான் கேக்கல."

கடைக்காரர் மூன்று கிளாஸ்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, தேத்தண்ணி நல்லாத்தான் இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்தார் அந்த அம்மாள். "வாங்க சம்பந்தி, உக்காந்து பேசற எடமாப் போவோம்."

நால்வரும் கோப்பிக் கடைக்குள் போனார்கள். "மாரி, டுடோக்", வாங்க உக்காருங்க என்று மலாயில் சொல்லி நாற்காலியைக் காலால் தள்ளினார் சீனர். சமத்துவத்தைப் பற்றி அவர் எந்த நாளும் பேசியதில்லை. விளிம்பு உடைந்த கோப்பைகளை எல்லாருக்கும் ஒரேமாதிரி வைத்தார். அந்த மார்பிள் மேசைமேலேயே வெற்றிலை மாறியது.

இதற்குள், கடைக்காரர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு மூன்று கிளாஸ்களையும் அலசினார். அடுத்து வந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு அவற்றில் ஒன்றில் தேநீர் ஆற்றிக் கொடுத்தார். ஆசாரம் மிகுந்த கிராணி அவர். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு லயத்து ஆட்கள் கோப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவர்கள் வராமல் நிற்கும்வரை, தன் கடை முன்பெஞ்சுக்காரர்களால் நடக்கிறது என்றே கடைக்காரர் நம்பியிருந்தார். சீர்திருத்தச் சங்கம் அவசரமாகக் கூடி, தமிழர்கள் தமிழர் கடையையே ஆதரிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, வேறொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் அனுப்பியது. பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது. டின்களைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை.

கடைசியில் கடைக்காரர் டின்களைக் கழற்றினார். வாசலில் நின்று, "வாங்க, எல்லாருக்கும் கிளாஸ்தான்" என்று கூப்பிட்டார். கோப்பிக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று கேட்டார்:

"எங்களத் தெரியுமா மொதலாளி?"

தெருவே சிரித்தது. எங்கள் முதலாளி சேலைக் கட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

தீபாவளிக்கு முன் அந்த இடத்தை வேறொரு சீனர் எடுத்து, சைக்கிள் வாடகைக்கு விடத் தொடங்கினார்.