ஐஸ் பெட்டிக்காரர்

அப்பா இறந்த அன்று திருமயத்திலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் ஒல்லி ஆள். நரைத்த மீசை. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. துபாயிலிருந்து தம்பி வரும்வரை அப்பாவை அந்தப் பெட்டியில் வைக்க வேண்டும்.

தூக்கும்போது அவர் அப்பாவிடம் பேசினார். “ஐயா, கையைக் கொஞ்சம் உள்ள வச்சுக்கங்க.”

என் மச்சான் சிரித்துவிட்டான். “அவருக்குக் கேக்குமாண்ணே?”

“கேக்கும்ங்கிறதுக்குச் சாட்சி இல்ல. கேக்காதுங்கிறதுக்கும் இல்ல. நாளைக்கு அங்கிட்டுப் போறப்ப, ‘ஏண்டா என்னைய மூட்டை மாதிரித் தூக்குனே’ன்னு இவுக கேட்டா?”

“அங்கிட்டு ஒண்ணுமே இல்லேன்னா?”

“அப்ப யாரு கேக்கப் போறா, விடுங்க.”

மூடியைச் சாத்த அம்மா விடவில்லை. மார்கழியில் ஃபேன் போட்டாலே அப்பா திட்டுவார். “குளிரு தாங்க மாட்டாக” என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். செத்தவருக்கு ஏது குளிர் என்று சொல்லிப் பார்த்தோம். கையை எடுக்கவில்லை.

பெட்டிக்காரர் எங்களை விலக்கினார். “ஆத்தா, நீங்களே அவுககிட்டச் சொல்லிட்டுச் சாத்துங்க. நான் சொன்னா எடுபடாது.”

அம்மா குனிந்தாள். “சின்னவன் வாரான். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.” ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, தானே மூடினாள்.

வாசலில் அவரிடம் கேட்டேன். “நெசமா கேட்டிருக்குமாண்ணே?”

“தெரியலங்க. ஆத்தா பேசுறப்ப நான் அவரு மொகத்தத்தான் பாத்தேன். அசையல. எல்லா வீட்டுலயும் பாக்குறேன். ஒருத்தரும் அசைஞ்சதில்ல.”

“பெறகும் ஏன் பாக்குறீங்க?”

“பாக்கத்தான் செய்றேன்” என்று வண்டியை எடுத்தார்.

அவர் நம்புகிறவரா, நம்பாதவரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.