யார் முதலில் ஆன் செய்தது?

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ரவி என்னைத் திருடன் என்று சொன்னான். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை... பார்த்த பார்வை அதுதான்.

சண்டை எதற்கு? கம்ப்யூட்டர் கேமுக்கு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவனுக்கு நாற்பத்தெட்டு.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய, டிவியில் மாட்டி ஆடுகிற ரகம். அது இன்னும் ஓடுகிறது; ஜாய்ஸ்டிக்குகள்தான் செத்துவிட்டன. இந்தக் காலத்து வயர்லெஸ் கேம்பேடை அதில் நேராகச் சேர்க்க முடியாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். ஒரத்தநாட்டில் ஜெராக்ஸ் கடை. நாலு பேர் முன்னால் பேச வராது. தனியாக உட்கார்ந்து எதையாவது நோண்ட வரும். கட்டைவிரல் அளவு சர்க்யூட் போர்டு ஒன்று வாங்கி, இணையத்தில் யார் யாரோ எழுதியதைப் பார்த்துப் புரோகிராம் எழுதி, பழைய பிளக்குகளைச் சால்டரிங் செய்து, மூன்று மாதத்தில் இரண்டு கேம்பேடுக்கும் சேர்த்து ஒரே அடாப்டராக முடித்தேன்.

சிங்கப்பூரிலிருந்து ரவி லீவில் வந்ததும் ஆசையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏன் அவ்வளவு ஆசை? போன வருஷம் நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு சரியில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் — அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கிறவன் ஒழுங்காகப் பிரிப்பான். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். நடுவே நான் வரப்புப் போட்டேன். அவன் போனில் போட்டோ பார்த்து ரோட்டோரப் பங்கை எடுத்தான். அப்புறம்தான் தெரிந்தது, வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாயும் மடை என் பக்கம் விழுந்திருக்கிறது. என் வயல் நிறைந்த பிறகுதான் அவன் வயலுக்கு.

அவன் பங்கைக் குத்தகைக்குச் செய்பவர் புகார் சொல்லி, ரவி என்னைக் கேட்டான். "ஆத்துலயே தண்ணி கம்மிடா" என்று முடித்துவிட்டேன். அதோடு அவனிடமிருந்து குட்மார்னிங் மெசேஜ்கூட நின்றுபோனது.

சரி, கேமுக்கு வருவோம். வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றான்.

"அண்ணே, நான் அமுக்குறது லேட்டாப் போகுது."

"உனக்குக் கை மரத்துப்போச்சுடா."

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான்."

"அதான் கேட்டேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி கீதா குரல் கொடுத்தாள். "ரிமோட்ட மாத்திக்கிட்டு ஆடுங்களேன். பேரன் பேத்தி எடுக்கிற வயசு ரெண்டு பேருக்கும்."

கேம்பேடுகளை ஆஃப் செய்து, மாற்றிக்கொண்டு, மறுபடி ஆன் செய்தோம். மறுபடியும் நான்தான் ஜெயித்தேன். ரவி இப்போது டிவியைப் பார்க்கவில்லை; என் கையையே பார்த்தான்.

"அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா? எந்த ரிமோட்ட எடுத்தாலும் அண்ணன்தான் முதல்ல ஆன் பண்றாரு."

"என் வீடு, நான்தானடா ஆன் பண்ணணும்?"

"இந்தத் தடவை நான் பண்றேன்."

பண்ணினான். மூன்று ஆட்டம், மூன்றிலும் நான் காலி. அமுக்கிக்கொண்டே இருக்கிறேன், என் ஆள் நகர மாட்டேன் என்கிறான். இப்போது சந்தேகம் எனக்கு — இவன் எதையாவது நோண்டிவிட்டானா?

என் யோக்கியதையை நிரூபிக்க லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்தேன். வரி வரியாக அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். நானே எழுதியது: முதலில் ஆன் செய்த கேம்பேடில் ஏதாவது அமுக்கினால் அதைக் கவனி, அது சும்மா இருந்தால் மட்டும் அடுத்ததைப் பார்.

நான் அமுக்க அமுக்க, அவன் அமுக்கியது வாசலிலேயே காத்துக் கிடந்திருக்கிறது.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு கேம்பேடாக எடுத்து, தனியாக ஆடித்தான் சோதித்தேன். இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க, இரண்டாவது ஆள் எங்கே இருந்தான்?

ரவி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணும்னு பண்ணலைன்னு நம்புறேண்ணே" என்றான். பிறகு மெதுவாக, "அந்த மடையும் இப்படித்தானா?"

வரப்புப் போட்ட அன்றும் நான் தனியாகத்தான் நின்றேன். மடை என் பக்கம் விழும் என்று அன்று யோசிக்கவில்லை. ஆனால் புகார் வந்த பிறகும் சும்மா இருந்தேனே... அது வேண்டுமென்றுதான்.

அந்த ஒரு வரியைத் திருத்தப் பத்து நிமிஷம் ஆனது. மறுநாள் காலையில் இருவரும் வயலுக்குப் போனோம். என் வயலின் ஓரமாக, அவன் வயலுக்கு நேராகத் தண்ணீர் போக ஒரு சின்ன வாய்க்கால். "எங்க வெட்டணும்னு நீயே சொல்லு" என்று மண்வெட்டியை அவனிடம் கொடுத்தேன்.

"ரெண்டடி அகலம் போதும்ணே" என்றான்.

அவன் வெட்டி முடித்த பிறகு பார்த்தால் மூன்றடி இருக்கும் போலத் தெரிகிறது. அளக்கிற டேப் வீட்டில்தான் இருக்கிறது... எடுக்கவில்லை.