கசத்துக்கு ஒரு மருத்துவ முகாம்

ஆற்றைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை கிடையாது. அதில் குளித்தோம், அதைக் குடித்தோம், அதன் வரைபடத்தை மேசையில் விரித்து மூலைக்கு ஒரு பேப்பர் வெயிட் வைத்துக்கொண்டு பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் அறிக்கை என்று ஒரு வரி எழுத வேண்டுமென்றால் வெளியாள் வர வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் டெண்டர் செக்‌ஷன் உதவியாளன் நான். நகரத்துச் சாக்கடையை ஓரிடத்தில் சேர்த்து, சுத்திகரித்து, மிச்சத்தைத் தாமிரபரணியில் விடுகிற திட்டம் எங்கள் கைக்கு வந்திருந்தது. இம்மாதிரி வேலைகளுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டும், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், பிறகுதான் அனுமதி என்கிற நடைமுறை அப்போது புதிது. அறிக்கை எழுத ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தச் சொல்லி உத்தரவு. டெண்டர் வாசகம் எழுதியது நான். தகுதிகளின் வரிசையில் ‘ஆற்றை அறிந்த’ என்று ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். செயற்பொறியாளர் சிவப்பு மையால் அடித்தார்.

“அதுக்கு எந்த ஆபீஸ்லவே சர்டிபிகேட் குடுப்பான்?”

அந்த வரி இல்லாமலே டெண்டர் போனது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று தேர்வானது.

அந்தக் கம்பெனியிலிருந்து கள ஆய்வுக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தொப்பி, கையில் கிளிப் வைத்த அட்டை, அட்டையில் நாற்பது கேள்வி. அக்கறையாகத்தான் வேலை பார்த்தார். அதை மறைத்து எழுதினால் பாவம். கழிவுநீர்க் குழாய் ஆற்றில் சேரவிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கிராமம். அதன் பஞ்சாயத்து பம்ப் ஆபரேட்டரிடம் அவரைக் கூட்டிப் போனேன். அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர். ஊருக்குக் குடிநீர் ஏற்றும் அவருடைய உறைகிணறு நின்றது கசத்தின் ஓரத்தில்.

கசம் என்றால் ஆற்றுக்குள் ஆறே குடைந்துகொண்ட ஆழம். சித்திரையில் மணல் வெந்து, ஆறு ஒரு நூலாக மெலிந்து, நூலும் அறுந்துவிடும்போது, பச்சையும் கறுப்புமாக அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். அந்த ஊரின் கோடை முழுவதும் அந்த ஒரு குழிக்குள்தான் இருந்தது.

அந்தப் பெண் கேட்டார், “குடிநீர், சுகாதாரம். இதுல இந்த ஊர்ல முக்கியமா என்ன சார் இருக்கு?”

“கசம் இருக்குல்லா,” என்றார் அண்ணாச்சி.

“கசமா? எவ்ளோ நாளா?”

“எங்க அய்யா காலத்துக்கு முன்னயே உண்டு.”

“யார் யாருக்கு?”

“யாருக்கா? ஊருக்கேதாம்மா. மேலத்தெரு கீழத்தெருன்னு பேதமே கெடையாது. ஆடு மாட்டுக்குங்கூட.”

அவர் பேனா ஒரு கணம் நின்றது. “இதனால உயிரிழப்பு?”

“அது அப்பப்ப உண்டும்மா. பூராவும் வெளியூர்க்காரங்க. நம்ம பயலுவளுக்குப் பழகிப்போச்சு.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒரு பிசகும் தட்டவில்லை. என்ன தட்டும்? பிறந்ததிலிருந்து கேட்ட சொல். மருத மரத்து நிழலில் நின்று, இந்தம்மா எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார் என்று வியந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நீல அட்டை, ஸ்பைரல் பைண்டிங், கலர் கலராக வட்டப்படங்கள். எல்லாம் ஆங்கிலம். மக்கள் பார்வைக்கு வைக்கிற தமிழ்ச் சுருக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில், “இக்கிராமத்தில் காசநோய் தலைமுறைகளாகப் பரவலாக உள்ளது. கால்நடைகளும் பாதிக்கப்பட்டுள்ளன. உயிரிழப்புகள் உண்டு” என்றிருந்தது.

முதலில் சிரித்தேன். செக்‌ஷனே சிரித்தது. பிறகு வரைபடத்தைப் புரட்டினேன். குழாயின் வாய்க்குக் கீழே ஆறு ஒரே சீரான நீலக்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கசத்தைக் காணோம். நோயாகிவிட்ட பிறகு படத்தில் அதற்கு என்ன வேலை? கழிவு தேங்க ஒரு கசம் இல்லையென்றால் உறைகிணற்றுக்கு ஆபத்தில்லை. ஆபத்தில்லையென்றால் குழாய் அங்கேயே வரலாம்.

செயற்பொறியாளரிடம் போனேன். அம்பாசமுத்திரத்துக்காரர், கொஞ்சம் செல்லமாகப் பேசுவார்.

“எனக்குத் தெரியாதாவே கசம்னா என்னன்னு? நான் அதுல முங்கி எந்திரிச்சு வளந்தவன்.”

“அப்ப மாத்திருவோம் சார்.”

“எத மாத்த? அவன் ரிப்போர்ட்டுல நாம கைய வச்சா, ஆபீஸ்காரனே எழுதிக்கிட்டான்னு சொல்லுவான். பின்ன வெளியாளுன்னு ஒருத்தன் எதுக்கு?”

“நமக்குத் தெரியும்லா சார்.”

“நமக்குத் தெரியுதது குறிப்புவே. அவன் சொல்லுததுதான் ரிப்போர்ட்டு. நீரு வேணும்னா ஒரு குறிப்பு போடும். நான் ‘பார்த்தேன்’னு கையெழுத்துப் போடுதேன்.”

போட்டேன். பார்த்தார். அந்தத் தாள் என் கையெழுத்தோடும் அவர் கையெழுத்தோடும் கோப்பின் ஆயுள் முழுக்க அப்படியே இருந்திருக்கும்.

மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. பேசினேன். கம்பெனி மேலாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். கள ஆய்வு முடிந்துவிட்டது, ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, வரைபடத்தில் ஒரு புள்ளி சேர்க்க வேண்டுமென்றாலும் மறு ஆய்வு, மறு ஆய்வுக்கு மறு ஒப்பந்தம் என்றார். கடைசியில் ஆறுதலாக, “அந்த ஊர்மேல உங்களுக்கு இவ்ளோ அக்கறையா? அங்க நீங்க தண்ணி எதுவும் குடிக்காதீங்க சார்,” என்றார். பூத்தை விட்டு வெளியே வந்து மேலப்பாளையம் பஸ் இரண்டைத் தவறவிட்டேன். எங்கே போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

மிச்சமிருந்தது கருத்துக்கேட்புக் கூட்டம். அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “எங்களுக்குச் சீக்குன்னா எழுதிட்டாவ?” என்று கேட்டுவிட்டு, இரண்டு முறை வேண்டுமென்றே இருமிக் காட்டினார். கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் தலைமை தாங்கியவர் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி; எதிரே அந்த நீல அட்டை.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்துச் சொன்னார், “அய்யா, எங்களுக்குக் கசத்த விட்டா வேற கதி கெடையாது. அதக் கெடுத்துப்போடாதீய.”

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். குரல் இளகியது. “ஒன்பதாம் பக்கத்துல விவரமா இருக்கு. கவலைப்படாதீங்க பெரியவரே. பூரணமா ஒழிச்சிடலாம்.”

பின்வரிசைகளில் சிரிப்பு வெடித்தது. நான் எழுந்தேன். செயற்பொறியாளர் என் சட்டை நுனியை இழுத்தார், உதறிவிட்டுப் பேசினேன். கசம் நோயல்ல, மடு. ஒரு ஊர் குடிக்கிற தண்ணீர். குழாயின் வாயை அதற்குக் கீழே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் வந்த கூட்டக் குறிப்பில் அது ஒரே வரியாகியிருந்தது: “உள்ளூர்ச் சொல் ஒன்று குறித்து அலுவலர் ஒருவர் விளக்கமளித்தார்.”

அனுமதி வந்தது. குழாயின் இடத்தில் மாற்றமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பணி தொடங்குமுன் அக்கிராமத்தில் காசநோய் மருத்துவ முகாம் நடத்த வேண்டும். நடத்திவைக்கும் பொறுப்பு எனக்கு. விளக்கமளித்த அலுவலர் நான்தானே.

எக்ஸ்ரே வேன் வந்தது. ஊரே வரிசையில் நின்று, சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்தது. அண்ணாச்சி தன் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நெஞ்சு கண்ணாடியாட்டம் இருக்காம் சார். டாக்டரு சொல்லுதாரு. கொழா எங்கன வருது?”

காட்டினேன். சுண்ணாம்பு பூசிய முளைக்குச்சிகள் ஆற்றுக்குள் இறங்கியிருந்தன. அங்கிருந்து உறைகிணறு வரை மணலில் பைய நடந்து போனார். அதே நடையில் திரும்பி வந்தார்.

“கொழா தொறந்த பொறவு நான் மோட்டார் போடட்டுமா, வேண்டாமா? அத ஒரு ஆளாவது சொல்லுங்க.”

“போடாதீங்க அண்ணாச்சி.”

“எழுதித் தாங்க.”

எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது, மாற்று ஏற்பாடு செய்யும்வரை மோட்டாரை நிறுத்தவும் என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மடிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

குழாய் திறந்த அன்று அவர் மோட்டாரைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. பஞ்சாயத்தில் அந்த உறையைக் காட்டியிருக்கிறார். முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை தெருவே காலிக் குடங்களோடு பம்ப் ரூம் வாசலில் வந்து நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம்தான் ஏச்சு வாங்குவார் மனுஷர்? ஸ்விட்சைப் போட்டுவிட்டார். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது.