மூன்று முறை தட்ட வேண்டிய கதவு

குருத்து ஞாயிறு, காலை 6:15. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினேன். சுங்கைப் பட்டாணிக்கு நாற்பது நிமிடம். நல்ல நாளும் அதுவுமாக நம் கோயிலை விட்டுவிட்டு எங்கே ஓட்டம் என்று வீட்டில் ஒரே சண்டை. பழைய வழிபாட்டுப் பாட்டென்றால் எனக்குப் பைத்தியம், என்ன செய்ய?

6:55. நிலையத்தில், என்னை அழைத்திருந்த லூர்து அக்கா காரோடு நின்றார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். செமிலிங் தாண்டி அவர்களுடைய செம்பனைத் தோட்டத்துக் கோயில் பதினாறு கிலோமீட்டர். அங்கே ஒரு வழக்கம்: பவனி வரும்போது கதவை உள்ளே தாழிட்டுவிடுவார்கள். வெளியே இருப்பவர் சிலுவையின் அடியால் மூன்று முறை தட்டி, திறக்கச் சொல்லிப் பாட வேண்டும். வருவது யாரென்று உள்ளிருப்பவர் பாட்டிலேயே கேட்பார், வெளியே இருப்பவர் பதில் பாடுவார். எருசலேம் ஆலய வாசலில் யூதர்கள் பாடிய திருப்பாடல் என்பார்கள். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

"வெளிய பாடுறது நான். உள்ள எங்க அண்ணன் சூசை. ரெண்டு வருசமா எங்கிட்ட பேச்சே இல்ல லா," என்றார் அக்கா.

"ஏன்க்கா?"

"மக கல்யாணத்துக்கு வாட்ஸப்புல கார்டு அனுப்பிட்டேன். டபுள் ஷிப்ட், நேர்ல போக முடியல."

தாய்மாமனுக்கு வாட்ஸப்பில் அழைப்பு.

"தப்புதான் தம்பி. மன்னிப்புக் கேக்கலாம்னு வீட்டுக்குப் போனா, பின்வாசல் வழியா மோட்டர் சைக்கிள எடுத்துட்டுப் போயிடுறாரு. வருசத்துல ஒரு தடவ பாட்டுல பேசுறதோட சரி."

7:20. செமிலிங்கில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் டீ ஒன்று, ஆறு ரிங்கிட். அக்கா வெந்நீர் மட்டும் குடித்தார்.

8:10. செம்பனைகளுக்கு நடுவே தென்னங்குருத்தோடு அறுபது பேர். கீபோர்டு இல்லை, மைக் இல்லை, அப்பாடா. அக்கா தட்டிப் பாடினார். கரகரத்த குரல், சுருதி பிசகவில்லை. உள்ளிருந்து சூசை அண்ணனின் கனத்த குரல் கேட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அக்கா பதில் பாடி முடித்ததும் அவர் தாழை நீக்க வேண்டும். தாழ் அசையவில்லை.

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். யாரோ இருமினார்கள். அக்கா சிலுவையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கதவில் கை வைத்தார்.

"அண்ணே, நேர்ல கூப்பிட வந்திருக்கேண்ணே. லேட்டுதான். வந்து நம்ம புள்ளயப் பாருங்கண்ணே."

பிறகு தாழ் விலகியது. சூசை அண்ணன் நின்றார், முகமெல்லாம் ஈரம்.

"உள்ள வா," என்றார்.

அக்கா கேவிக் கேவி அழுதார். இருவரையும் சுற்றிக்கொண்டு கூட்டம் பாடியபடி உள்ளே போனது. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

11:40. திரும்பும் ரயில். எங்கள் கோயிலில் நேரம் மிச்சம் பிடிக்க இந்தப் பாட்டை விட்டுப் பல வருடம் ஆயிற்று. போதாக்குறைக்குக் கண்ணாடிக் கதவு வேறு. ஆள் கிட்டே வந்தாலே அது தானாகத் திறந்துகொள்ளும். வருவது யாரென்று கேட்காது.