போர்டில் அழிக்காமல் விட்ட வாக்கியம்

எங்கள் தமிழ் வகுப்பை மூடியது நீங்கள்தான், சார். மழை அல்ல, அரசாங்கம் அல்ல, எங்கள் அப்பன்மாரின் அலட்சியமும் அல்ல. ஒரு சாக்பீஸ் துண்டை வைத்து நீங்கள் மூடினீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஏழாம் வகுப்பு. கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடம். மற்ற வகுப்பெல்லாம் மலையாளம். ஓரத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறையில் மட்டும் தமிழ். அதில் நாங்கள் பதினோரு பேர். எங்களுக்கு ஒரு தமிழ் டீச்சர். இங்கிலீஷுக்கு மட்டும் மலையாள வகுப்பிலிருந்து நீங்கள் வருவீர்கள், வேண்டாத வீட்டுக்குச் சாப்பிட வருகிறவரைப் போல.

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது நாள் அதிகாரி வந்து தலை எண்ணுவார். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தலைதான் தலை. வீட்டில் காய்ச்சலில் கிடக்கிற தலை கணக்கில் வராது. பத்துக்குக் கீழே போனால் தமிழ் வகுப்பைக் கலைத்துவிடுவார்கள் என்று டீச்சர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "செத்தாலும் அண்ணைக்கு வந்து செத்துக்கிடுங்க மக்கா" என்பார். அவருடைய வேலையும் எங்கள் படிப்பும் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தன. இது உங்களுக்கும் தெரியும்.

ஐந்தாவது நாள் நல்ல மழை. டீச்சர் ஏதோ காகிதம் கொடுக்க நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போயிருந்தார். நீங்கள் 'குளோஸ்' பாடம் எடுத்தீர்கள். என்ன அருமையான பாடம்! குளோஸ் த டோர் என்று எழுதினீர்கள். எங்கள் அறைக் கதவு கீல் போய்ச் சுவரில் சாய்ந்து கிடந்தது. குளோஸ் யுவர் ஐஸ் என்றீர்கள். காலை ஜெபத்தில் கண்ணை மூடியே பழகிய சபைப் பிள்ளைகள் உடனே மூடிக் காட்டினார்கள். ரயில்வே கேட்டை மூடுவது, பந்த் அன்று கடைகள் மூடிக் கிடப்பது, காயம் மூடுவது, கூட்டத்தை முடித்துக்கொள்வது என்று ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலையா என்று வாய் பிளந்தோம். ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கினீர்கள். எழுதினீர்கள், அழித்தீர்கள். போர்டை அழிப்பதில் உங்களைப் போல் சுத்தக்காரர் அந்தப் பள்ளியில் கிடையாது.

கடைசியாக ஒன்று எழுதினீர்கள். ஸ்கூல் வில் பி குளோஸ்ட் டுமாரோ. இதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். வகுப்பில் அவள்தான் முதல். உங்களுடைய இங்கிலீஷ் அவளுக்கு மட்டும்தான் உடனே புரியும்.

"சார், நாளைக்கு ஸ்கூல் இல்லியா?"

"நீ வாசிச்சது சரியாக்கும். வெரி குட். இரி" என்றீர்கள்.

மணி அடித்தது. டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள். போர்டைத் தொடவில்லை.

மழைக்கு லீவு விடுவது எங்கள் ஊரில் புதிதல்ல. மறுநாள் நான் போர்வைக்குள் கிடந்தேன். நண்பகலில் டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். இடுப்பு வரை நனைந்திருந்தார். குடைக் கம்பி ஒன்று ஒடிந்து தொங்கியது.

"எட்டி, நீ ஏன் வரல்ல?"

"லீவுல்லா டீச்சர். சாரு எழுதிப் போட்டாரு."

"எங்க எழுதிப் போட்டாரு?"

"போர்டுல. இங்கிலீஷுல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மூணே மூணு தல இருந்துச்சு மக்கா. ஆபீசர் எண்ணிட்டுப் போயாச்சு" என்றார்.

வந்த மூன்று பேரும் கடைசி பெஞ்சு. போர்டில் இருந்ததை வாசிக்கத் தெரியாதவர்கள், ஓட்டில் அடித்த மழையில் அவள் கேட்டதும் காதில் விழாதவர்கள். ஒழுங்காகப் படித்த எட்டுப் பேர்தான் வகுப்புக்குக் குழி தோண்டினோம். உங்கள் பாடத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

அதற்கடுத்த நாள் டீச்சர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வைத்து உங்களைக் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

"அது எக்சாம்பிள் ஆக்கும் டீச்சரே. பிள்ளைகள் இங்கிலீஷ் படிச்சதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

மலையாள வகுப்பிலும் நீங்கள் அதே பாடம் எடுத்தீர்கள். அங்கே அந்த எக்சாம்பிளை எழுதவில்லை. நான் அந்தப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ரயில்வே கேட் இருந்தது, கடை இருந்தது. ஸ்கூல் இல்லை.

வகுப்பைக் கலைத்தார்கள். டீச்சரை அம்பூரிப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தூக்கிப் போட்டார்கள். எங்களை மலையாள வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மலையாளம் பேச எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சந்தையில் மீன்காரியோடு சண்டையே அதில்தான் போடுவோம். ஆனால் சரித்திரமும் சயன்சும் அந்த எழுத்தில் வாசிக்கத் தெரியாது. நான் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறினேன். வகுப்பில் முதலாக இருந்தவள் அந்த வருடம் தோற்றாள். அவள் அப்பா அதிகம் யோசிக்கவில்லை. "போதும், படிச்சுக் கிழிச்சது. அம்மையோட அண்டியாபீசுக்குப் போவட்டும்" என்றார். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடம். அந்தக் கொட்டையின் பால் பட்டால் விரல் தோல் கறுத்து உரியும். இங்கிலீஷை அவ்வளவு சரியாக வாசித்த பிள்ளைக்கு நல்ல பரிசு.

அடுத்த ஜூனில் எங்கள் அறைக்கு வெள்ளையடித்தார்கள். டியூப் லைட் போட்டார்கள். இங்கிலீஷ் மீடியம் ஒன்றாம் வகுப்பு வந்தது. பொறுப்பு யாருக்கு? உங்களுக்குத்தான். கதவுக்குப் புதுக் கீல், புதுக் கொண்டி. என் கண் முன்னால் அந்தக் கதவு அன்றுதான் முதல்முதலாக மூடியது.

இப்போது பழைய மாணவர்கள் கூடி உங்களுக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். நோட்டீஸ் எனக்கும் வந்தது. மலையாளத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். தமிழுக்கு இடம் இல்லை போலிருக்கிறது. பரவாயில்லை, வருகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம்.

அன்று அவள் எழுந்து நின்று கேட்டாளே, நாளைக்கு ஸ்கூல் இல்லியா என்று, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பொன்னாடையைத் தோளில் வாங்குவதற்கு முன்னால் மைக்கைக் கையில் எடுங்கள். உண்டு என்றா, இல்லை என்றா, அன்று நீங்கள் என்ன நினைத்து அந்தப் போர்டை அழிக்காமல் போனீர்கள்? எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள், சார்.