சந்தனப் பொட்டும் தானியங்கிப் பிரேக்கும்

மருமகன் புதிய வாகனம் வாங்கியபோது கோவிலில் பூசை செய்வித்து, அதன் முன்பக்கச் சின்னத்தில் கனமாகச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தவன் நான். அதைத் துடைக்கலாகாது என்றும் கட்டளையிட்டேன். முன்னால் செல்லும் வாகனத்தைக் கவனித்துத் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் ரேடார் அச்சின்னத்தின் பின்னே இருப்பதை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.

இவ்வாண்டுத் தைப் பொங்கலன்று, மருமகன் வாகனத்தை ஓட்ட, கர்ப்பிணியான மகளுடன் நாங்கள் வசிக்கும் அஹுன்ட்சிக்கிலிருந்து ஆற்றுக்கு அப்பாலுள்ள லவாலுக்குப் புறப்பட்டோம். பனி கொட்டியது. பாலத்தை அணுகுகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"தம்பி, ஏதோ லைற் எரியுது."

"ஸ்நோவுக்கு அப்பிடித்தான் வரும் மாமா. கார் தானா நிக்கும், பயப்பிடாதேங்கோ," என்ற மருமகன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முன்னால் சென்ற வாகனம் நின்றது, எங்களுடையது நிற்கவில்லை. மகளின் அலறல் கேட்டு அவர் திருப்பியதால், ஓரத்துப் பனிக்குவியலில் மோதி நின்றோம். வயிற்றிலிருந்த குழந்தைக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லும்வரை என்னிடம் உயிர் இல்லை.

வாகனம் திருத்துபவர் சின்னத்தைக் காட்டினார். உலர்ந்த சந்தனத்தின்மேல் பனி உறைந்து ரேடாரை மறைத்திருந்தது.

"பாத்தியளே மாமா, உங்கட சந்தனம் செய்த வேலை," என்றார் மருமகன்.

"சந்தனமோ போன் பாத்துக்கொண்டு கார் ஓடினது?" என்றாள் மகள்.

என் பங்கை ஏற்று, சந்தனத்தை நானே சுரண்டி அகற்றினேன். அவர் தம் பங்கை இன்றுவரை ஏற்கவில்லை. கைபேசியும் கையைவிட்டு இறங்கவில்லை. ஆகவே, பனி பெய்யும் நாட்களில் மகளை மருத்துவரிடம் பேருந்தில் அழைத்துச் செல்கிறேன். நிறுத்தத்தில் நாங்கள் நிற்பதைக் கண்டும் அவர் தம் வாகனத்தில் கடந்து போகிறார்.